கழுவிக்கொண்டு வந்த கால்

நண்பா,

நம் பங்குப் பேரவை நேற்று வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேருக்கு இனி நாற்காலிகளை வரிசையாகப் போடமாட்டார்கள், வட்டமாகப் போடுவார்கள். வட்டத்துக்குக் கடைசி கிடையாது. "கடைசி நாற்காலியில ஒக்காந்தா வருசம் பூரா யூதாசுன்னு கூப்புடுறாங்க சாமி, எம்பேரனே கூப்புடுறான்" என்று ஒருவர் கண் கலங்கியதே காரணம். விவாதத்தின் நடுவே இரண்டு முறை டீ வந்தது.

உனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் நாற்காலியைப் பிடித்துவிடுவாய். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்த காலோடு வருவாய். "அழுக்குக் காலையாடா சாமிகிட்ட நீட்டறது?" என்பாய். அவர் கழுவுவதற்கு உன்னிடம் எதுவும் மிச்சமிருக்காது.

அந்தக் கால்கள் ஒருமுறை கடத்தூர் வரை போய் வந்தன. அந்த ஊர் மாப்பிள்ளைக்கும் என் தங்கைக்கும் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய திருமண ஓலையில் முதலாவதை வாசித்த நாள் அது. சிறுவயதில் அவளுக்கு ஒரே ஒருமுறை வலிப்பு வந்தது. வீட்டாரைத் தவிர அது தெரிந்தவன் நீ மட்டும்தான். எங்கள் கேழ்வரகுக் காட்டில் அவள் விழுந்தபோது கையில் சாவியைத் திணித்து, தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நீதான்.

திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்றுதான் ஓலை முடியும். நீ அவரைத் தொந்தரவு செய்யவில்லை. நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "மனசாட்சி உறுத்துதுங்க மாமா" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாய். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அடுத்த தை மாதம் அதே மாப்பிள்ளைக்கும் உன் மனைவியின் தங்கைக்கும் ஓலை வாசித்தார்கள். உன் மனசாட்சி முதல் வரிசையில் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தது.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாய். "மனசுல வெச்சுக்காத மச்சான். ஆண்டவரே மன்னிக்கச் சொல்லியிருக்காரு."

உள்ளேயிருந்து தங்கை கேட்டாள்: "ஆண்டவரு சொன்னது இருக்கட்டுங்கண்ணா. கடத்தூர்ல நீங்க என்னா சொன்னீங்க?"

நீ காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாய்.

யூதாசை இப்போது முன்னைவிட மரியாதையாக நினைக்கிறேன். அவனுக்கு வெட்கம் வந்தது. உனக்கு நம் தெரு அன்பியக் குழுவின் தலைவர் பதவி வந்தது. காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தேதான் ஆண்டவர் அவன் காலையும் கழுவினார் என்று வருடந்தோறும் பிரசங்கத்தில் கேட்கிறேன். பாதி புரிகிறது. எதிரி வாசலுக்கு வெளியே நிற்பான். காலை நீட்டும் தூரத்தில் இடம் பெறுபவன் நண்பன்தான். அந்தக் காலுக்கு முன்னால் அவர் எப்படிக் குனிந்தார் என்பதுதான் புரியவில்லை.

உன் அடக்கத்துக்கு வந்து மண்ணும் போட்டேன். ஆனாலும் ஞாயிறு பூசையில், செபத்தில் பிறர் குற்றத்தை மன்னிக்கும் வரி வரும்போது உன் முகம் வருகிறது, என் வாய் நின்றுவிடுகிறது. பக்கத்தில் தங்கை அதைச் சத்தமாகச் சொல்கிறாள்.

கடத்தூருக்குப் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.