கிளிஞ்சல் மணல்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழுகிறது. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதமாகிறது. இன்னும் ஒரு படிகூட இறங்கவில்லை. "மூணு மாடி கட்டி லிஃப்ட் வைக்காதவனை என்ன சொல்றது" என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

அவர் கட்டிய பள்ளிக்கூடத்தில்தான் இப்போது எனக்குப் பழுதுபார்க்கும் வேலை. தரைத்தளத் தூண்களில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. கெட்டதைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, ஜியோபாலிமர் கலவையைப் பூசுகிறோம். அதில் சிமெண்ட் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும், காரமான ஒரு கரைசலும்தான். தோலில் பட்டால் வெந்துவிடும். என் மணிக்கட்டில் ஒரு தழும்பு விழுந்துவிட்டது. ஆனால் ஒரே நாளில் இறுகிவிடும். பள்ளி விடுமுறைக்குள் முடிக்கலாம் என்று தைரியமாக ஒப்புக்கொண்டேன்.

மூன்றாவது தூணைக் கொத்தும்போது மேஸ்திரி ஒரு துண்டை என் கையில் வைத்து, "மேடம், இது ஆத்து மணல் இல்லை" என்றார். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல். சோதனைக்கு அனுப்பினேன். கடல் மணல்தான்; கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு, இருக்கக்கூடிய அளவைப் போல் ஐந்து மடங்கு.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார், நகத்தால் கிளிஞ்சலை நெம்பிப் பார்த்தார். "கழுவித்தான் போட்டோம்" என்றார். துண்டைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை தடவை கழுவினோம்னு கேக்காதே" என்றார். நான் அதைக் கேட்கவில்லை. மிச்ச மணல் எங்கே போனது என்று கேட்டேன். அவர் நம் வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கீழ்த்தளத் தூண்களைச் சுத்தியலால் தட்டினேன். முதல் வீட்டுத் தையல்காரர், "என்னம்மா, தூணுக்கு ஜுரமா?" என்று சிரித்தார். தினமும் பேப்பரைப் படியேறிக் கொண்டுவந்து, அப்பாவோடு ஒரு ஆட்டம் செஸ் ஆடிவிட்டுப் போகிறவர். நானும் சிரித்துவைத்தேன். ஆறு தூணில் இரண்டு, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தன.

அப்பா ஒரு வழி சொன்னார். "அந்த ரெண்டுக்கும் உன் சாம்பல் கலவையைப் பூசிடேன். யாருக்கும் தெரிய வேண்டாம்." எனக்கும் அந்த ஆசை வந்தது அக்கா, பொய் சொல்லவில்லை. ஆனால் பூசிய இடம் நன்றாக இருக்கும்; பக்கத்தில் விட்ட உப்புக் காங்கிரீட்டில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். எல்லாத் தூணையும் கொத்த வேண்டும். அதற்கு மேல்பாரத்தை முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும். பள்ளிக்கூடம் விடுமுறையில் காலி; இங்கே ஆள் குடியிருக்கும்போது அதைச் செய்ய முடியாது. பன்னிரண்டு குடும்பமும் மூன்று மாதம் வெளியேற வேண்டும். ஏன் என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் அறிக்கையாக எழுதி, நாலு நாள் பையில் சுமந்துகொண்டே அலைந்தேன். ராத்திரி அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால்கூட தூண்தானோ என்று திடுக்கிடுகிறது. வெளியே போகவும் வழியில்லை, அவரை விட்டுவிட்டு எங்கே போவேன்?

வியாழக்கிழமை அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "ரெண்டாம் பக்கத்துல தேதி தப்பு. இந்தக் கட்டடத்துக்குத் தளம் போட்டது மார்ச் இல்லை, மே கடைசி. பள்ளிக்கூட வேலையில மிஞ்சின மணல்தான். நான் சொன்னேன்னே எழுது" என்றார். நான் திருத்தினேன். அடியில் அவரே கையெழுத்துப் போட்டார். கோணலாகத்தான் விழுந்தது.

நேற்று மாநகராட்சியில் கொடுத்துவிட்டேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் திங்கட்கிழமை வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அதுவரை சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று இன்று காலை தையல்காரரிடம் நானே சொன்னேன். இன்று பேப்பர் வரவில்லை. அப்பா பலகையில் காய்களை அடுக்கி வைத்துவிட்டு, மத்தியானம் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் இறக்க வேண்டும். "எல்லாரும் போனப்புறம் இறக்கு. அவங்க முகத்தைப் பாக்க முடியாது" என்கிறார். எல்லாரும் போய்விட்டால் தூக்குவதற்கு ஆள் ஏது? இருக்கிறவர்களிடம் போய் எப்படிக் கேட்பேன்?

லீவு கிடைக்காது என்று எழுதிவிடாதே. நீயும் அத்தானும் வாருங்கள், மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார், என்னோடு சேர்த்து நாலு பேர். அப்பாவிடம் மணலைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். முன்பக்கம் நீ பிடித்துக்கொள். இறங்கும்போது அவர் பார்ப்பது உன் முகமாக இருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
தங்கை