வள்ளியம்மை கொண்டுவந்த பிரசாதம்

13 மார்ச் 1955, ஞாயிறு

இன்றும் வந்துவிட்டாள். மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து காப்பிக்குப் பால் வைக்கிறேன், கூடத்தில் குரல். கீழ்வீட்டு நாகப்பனின் மனைவி வள்ளியம்மை. தண்டாயுதபாணி கோயிலிலிருந்து, நெற்றியில் திருநீறோடு நேராக இங்கே. "மூணு பேருங்கிறீங்க, ஒருத்தருங்கிறீங்க. வெளங்கலயேண்ணே."

என் வீட்டுக்காரர் அகுஸ்தேன் சிரிக்கிறார், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மறுபடி முதலிலிருந்து சொல்கிறார். காப்பி ஆறினால் அரை நிமிஷம் பொறுக்காத மனுஷன்! நான் எதையாவது இரண்டாம் தரம் கேட்டால், "அதான் சொன்னேனே."

22 மார்ச்

அவளுக்கு இருபத்துமூன்று வயது. எனக்கு முப்பத்தைந்து. இதை ஏன் எழுதுகிறேன்?

2 ஏப்ரல்

கடைக்கு அரிசி பிடிக்க ஆற்றோரத்து மைத்தோ ஊருக்குப் போன நாகப்பன் திரும்பவில்லை. இந்த நாட்டுப் பட்டாளங்களின் சண்டையில் ரோடு அடைபட்டுக் கிடக்கிறது. அவள் அழுதாள். "அழாதே தங்கச்சி, சேசு பார்த்துக்குவார்" என்று இவர் ஜெபத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பாவம்தான் அவள். ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறதே, என்ன செய்ய? போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனவர்தானே.

1 மே, ஞாயிறு

சண்டை நடந்த சோலோன் பேட்டைப் பக்கம் இன்னும் புகை. வள்ளியம்மையும் எங்களோடு பூசைக்கு வந்தாள். நான் நற்கருணை வாங்கப் பீடத்துக்கு முன்னால் கிராதியில் முழந்தாளிட்டபோது அவளும் பின்னாலேயே வந்து முழந்தாளிட்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. அவள் ஞானஸ்நானம் வாங்காதவள் என்று பூசை வைத்த சாமியாருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சாமியார் நாக்கில் வைத்த அப்பம், ஓரம் சுருண்டு. "மைத்தோவுல இருந்து அவுக வந்ததும் குடுக்கணும்ல? பிரசாதத்த நா மட்டுமா திங்கிறது?"

இவர் முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு நாளா என்னத்தக் கேட்டே? மூளையே கெடையாதா ஒனக்கு?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது — ஆமாம், இருந்தது. அவளைத் திட்டுகிறாரே என்று. அப்புறம்தான் அவளைப் பார்த்தேன், சுவரோடு ஒண்டி நின்றாள். முந்தானையை மட்டும் விடவில்லை. "மூடிக்க வள்ளி. வா, மாதா கோயிலுக்குப் போவோம்" என்றேன்.

வழியில் சொன்னேன். "அது பிரசாதம் இல்லம்மா. சேசுவேதான்."

"அப்ப அவுக இருக்கற எடத்துக்கு நான் சொமந்துட்டுப் போவேணாமா?"

"வேணாம். சேசு ஏற்கெனவே அங்க இருப்பார்."

சொன்ன பிறகுதான் நானே அதை நம்பினேன். சாமியார் கோபிக்கவில்லை. அப்பத்தைத் தண்ணீரில் கரைய வைத்தார்.

இவருக்கென்று நான் எதை முந்தானையில் முடிந்து வந்திருக்கிறேன், இத்தனை வருஷத்தில்? மறுபடியும் அவள்மேல் பொறாமை. இது வேறு மாதிரி எரிகிறது.

8 மே

ஒரு வாரமாக அவள் மேலே வரவில்லை. இவர் அடிக்கடி மாடிப்படியைப் பார்க்கிறார். நானும்.

15 மே, ஞாயிறு

நாகப்பன் படகில் வந்து சேர்ந்துவிட்டார். இளைத்திருக்கிறார், வேறு ஒன்றுமில்லை.

இன்று காலை படியில் காலடிச் சத்தம். அதே திருநீறு. "ஒரு சந்தேகம்" என்றாள். இவர் பேப்பரை மடித்து வைத்து, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒங்ககிட்ட இல்லண்ணே. அக்காகிட்ட."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாசற்படியிலேயே உட்கார்ந்து நாங்கள் வெகுநேரம் பேசினோம். இவர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். "அப்படி என்னதான் பேசறீங்க? என் காப்பி ஆறிப்போச்சு."

"சுடவச்சு எங்களுக்கும் கொண்டாங்க" என்றேன்.

கொண்டுவந்தார்.