கோலைக் கெடுத்த விசில்

மஸ்கட், 14.3.2004

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

வெள்ளிக்கிழமை எங்கள் கேம்பில் ஃபுட்பால் மேட்ச். கடைசி நிமிஷம், ஓட்டப்பிடாரம் சோலைராஜ் பந்தோடு ஓடுகிறான். வெளியே நின்ற நான் உற்சாகத்தில், ஊரில் ஆட்டைக் கூப்பிட அடிப்பதுபோல விரலை வாயில் வைத்து விசிலடித்துவிட்டேன். ரெஃபரி ஊதியதாக நினைத்து எதிர் டீம் கோல்கீப்பர் நின்றுவிட்டான். பந்து உள்ளே போய்விட்டது! ஒரே சண்டை. நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். ரெஃபரி நம்பாமல் மறுபடி அடிக்கச் சொன்னார். அடித்தேன். கோல் செல்லாது என்றார்.

"ஏலே, வாயை மூடிட்டு நிக்க மாட்டியா?" என்று சோலைராஜ் இன்னும் திட்டுகிறான்.

லீவு முடிந்து வரும் மாரிராஜிடம் மோர்மிளகாய் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. செவலை ஆட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். அன்று ரெஃபரி சொல்லி மறுபடி விசிலடித்ததும், அது வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

உங்கள் மகன்,
நவநீதகிருஷ்ணன்