வாய்க்குள் வைத்த தீ

சாந்தன்பாறை,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அஜய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும். இத்தனை நாளும் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்று அதை எழுதக் கை வரவில்லை. போன் இருக்கிற காலத்தில் எவள் கடிதம் எழுதுவாள் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் என்றால் நான் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் நடுவில் புகுந்து ஆயிரம் கேள்வி கேட்பாய், நம் எஸ்டேட் லைன் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் நமக்குக் கேட்கும். அதனால்தான் லீவு முடிந்து நீ இருக்கிற சலாலாவுக்கே திரும்புகிற சந்துருவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே படித்துத் தொலைக்காதே, உட்கார்ந்து முழுக்கப் படி.

மழை இந்த வருஷம் விடுவேனா என்கிறது, ஏலக்காட்டில் பாதிச் செடிக்கு அழுகல் வந்துவிட்டது. சித்ராவுக்குப் பூப்பாறை ரிசார்ட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது, சம்பளத்தைவிட உன் தங்கைக்கு அந்த யூனிபாரத்தில்தான் பெருமை, வீட்டுக்கு வந்தும் கழற்ற மாட்டேன் என்கிறாள். நல்ல சேதி அவ்வளவுதான். “ஏம்மா, அப்பாவுக்கு எம்மேல என்ன கோவம், வீடியோல வந்தாலும் துண்ட வச்சு வாயப் பொத்திக்கிட்டு கைய மட்டும் ஆட்டுதாரு” என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நானும் சளி, தொண்டைக்கட்டு, பல்வலி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கோபம் ஒன்றும் இல்லை ராசா. அப்பாவுக்கு வாயின் மேற்புறத்தில், அண்ணத்தில், புற்றுநோய். ஆபரேஷனும் முடிந்தது, ரேடியேஷன் என்று கரண்டு வைத்ததும் முடிந்தது, ஆள் தேறி வருகிறார், நீ பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டாம். உனக்குச் சொல்லக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியது அவர்தான்.

தை மாதத்தில் காரம் பட்டால் மேல்வாய் எரிகிறது என்றார். கட்டன் சாயாவை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குடித்தால் எரியாமல் என்ன செய்யும் என்று நான்தான் சத்தம் போட்டேன். மாசிக்காயை உரைத்துத் தடவினோம், மணத்தக்காளிக் கீரையாக அவித்துப் போட்டேன், எரிச்சல் போய் ஒரு புண் வந்தது, அது ஆறவே இல்லை, அப்புறம் மேல்பல் இரண்டு ஆடியது. வலி பெரிதாக இல்லை, அதுதான் எங்களை ஏமாற்றிவிட்டது. பல்லைப் பிடுங்கிவிட்டு வரலாம் என்று போனவரை, டார்ச் அடித்துப் பார்த்த பல் டாக்டர் பிடுங்க மாட்டேன் என்று கோட்டயத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு துண்டு வெட்டியெடுத்துச் சோதித்துவிட்டு, அண்ணத்தில் ஒரு பக்கத்தை எலும்போடு எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஓட்டை. அதை அடைக்கப் பல்செட்டு மாதிரி ஒரு பிளேட்டு செய்து கொடுத்திருக்கிறார்கள். அது வாயில் இருந்தால் ஓரளவு நன்றாகவே பேசுகிறார், கஞ்சி நேராக இறங்குகிறது. கழுவுவதற்காகக் கழற்றினால் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும், பேச்சு எல்லாம் மூக்குக்குள்ளே போய்விடும்.

அந்தக் குரலைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், பின்கட்டிலிருந்து “ஏ புள்ள” என்று கூப்பிட்டார். கையிலிருந்த சட்டி கீழே விழுந்துவிட்டது. அது உன் அப்பா குரல் இல்லை. செத்துப்போன உன் தாத்தாவின் குரல். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அதே பின்கட்டில், இப்போது கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிற மூலையில்தான், அவர் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். பேசினால் எல்லாம் மூக்கில் வரும், குடித்த கஞ்சி மூக்கில் வரும். ஓடைப்பக்கம் போனவரை முனி வாயில் அடித்துவிட்டது, உள்ளே இருந்து பேசுவது அவர் இல்லை என்று லைனே சொன்னது. போடியிலிருந்து கோடாங்கியை வரவழைத்தார்கள். உடுக்கை அடித்து, யார் நீ, பேரைச் சொல் என்று கேட்டார், உன் தாத்தா “நாந்தாம்யா, நாந்தான்” என்றார். முனி பொய் சொல்கிறது என்று பிரம்பால் அடித்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி “நாந்தான்” என்றார், மறுபடி அடித்தார்கள். கடைசியில் வலி பொறுக்காமல் நான் முனிதான் என்று தலையை ஆட்டினார், அதன்பிறகுதான் விட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் பதினெட்டு வயதுப் பெண், கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்டு வைக்கப் போனபோது இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சிசிலி சிஸ்டரிடம் சொன்னேன். கட்டப்பனைக்காரி, பாதித் தமிழ் பாதி மலையாளம். ஆளைப் பார்க்காமல் டாக்டர்கூட உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்டால் இதே நோயாகத்தான் தெரிகிறது என்றாள். அப்புறம், “சேச்சி, அப்பனும் மகனும் எப்படி பீடி வலிக்கும்?” என்று கேட்டாள். உனக்குத்தான் தெரியுமே, மழையில் ஏலக்காட்டில் இரண்டு கையாலும் காய் பறிக்கும்போது பீடி நனையக்கூடாது, சூப்பர்வைசர் கண்ணிலும் படக்கூடாது என்று தீ எரிகிற முனையை வாய்க்குள் வைத்து இழுப்பார்கள். தாத்தா அப்படி, அப்பாவும் அப்படி. நீ சின்னப் பையனாக இருந்தபோது அப்பா வாயை லேசாகத் திறந்து உள்ளே எரிகிற சிவப்பைக் காட்டுவார், நீ கை தட்டி இன்னொரு தரம் என்பாய், நானும் சிரிப்பேன். அந்தச் சூடும் புகையும் நேராக அண்ணத்தில்தான் போய் அடிக்கிறதாம். இது பரம்பரையாக வருகிற வியாதியா என்று டாக்டரிடம் கேட்டேன். உங்கள் வீட்டில் பரம்பரையாக வந்தது பீடியைத் திருப்பி வைக்கிற பழக்கம்தான் என்றார். படம் வரைந்துகூடக் காட்டினார். எல்லாம் புரிந்தது, புரிந்து என்ன, இப்போதும் அப்பா பிளேட்டைக் கழற்றினால் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறது. அவருக்கு அது தெரியும். நான் பயப்படுவேனோ என்று முன்கூட்டியே “நாந்தான் புள்ள” என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அதைக் கேட்டால்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

சரி, சத்தியத்தை மீறி ஏன் எழுதுகிறேன் என்றால், நீ அனுப்பிய போட்டோ. சலாலா மலையில் சாரலில் நனைந்துகொண்டு நீங்கள் நாலைந்து பேர் நிற்கிறீர்கள். சித்ரா பார்த்துவிட்டு, அண்ணன் சதை போட்டுவிட்டான் என்றாள். மற்ற பையன்கள் சிகரெட்டைக் கைக்குள் மறைத்துப் பிடித்திருக்கிறார்கள். உன் கை இரண்டும் பாக்கெட்டில். உதட்டில் ஒரு வெள்ளைத் துண்டு துளியூண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, தீயைக் காணோம், மூக்கிலிருந்து புகை வருகிறது. எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம்தான் நீ மீன்குழம்பு எரிகிறது, மேல்வாய் வெந்த மாதிரி இருக்கிறது என்றாய். அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளேட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டார். அந்தக் குரலிலேயே “அவனுக்கு எழுது” என்றார்.

அதனால் நான் சொல்வதைக் கேள். இன்றோடு அந்தச் சனியனை விடு, தீ உள்ளே இருந்தாலும் வேண்டாம், வெளியே இருந்தாலும் வேண்டாம். எரிச்சல் போய்விட்டது என்று சும்மா இருந்துவிடாதே, கம்பெனி இன்சூரன்ஸ் கார்டைக் காட்டிப் பல் டாக்டரிடம் போ, எந்தப் பக்கம் தீயை வைப்பாய் என்று வெட்கப்படாமல் சொல். அண்ணம் வெள்ளையாகத் தடித்து, சிவப்புப் புள்ளி விழுந்திருந்தால் அது தொடக்கம், அப்போதே நிறுத்தினால் பலருக்குச் சரியாகிவிடும், ஆனாலும் அடிக்கடி காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு வாரத்தில் ஆறாத புண் வாயில் இருந்தால் எதற்கும் காத்திருக்கக்கூடாதாம். வாயை நன்றாகத் திறந்து டார்ச் அடித்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சிரிக்கிற போட்டோ இனி எனக்கு வேண்டாம். அந்தக் குரலை இந்த வீட்டில் இரண்டு பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன், மூன்றாவது வாயிலிருந்து கேட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன், இதை மிரட்டல் என்று நினைத்தாலும் சரி.

ஏலக்காய் கொஞ்சமும் சுக்கும் வைத்திருக்கிறேன், சந்துருவுக்கும் பங்கு கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, வண்டியை மெல்ல ஓட்டு. என் ராசா நோய்நொடி இல்லாமல், வாய் நிறையப் பேசிச் சிரித்து, பெண்டாட்டி பிள்ளையோடு நூறு வயது இருக்க அம்மாவும் அப்பாவும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னிடம் பேசுவார். துண்டும் இருக்காது, பிளேட்டும் இருக்காது, அவன் ஒரு தடவை கேட்கட்டும் என்கிறார். போனை எடுத்ததும் உனக்குப் பயமாகத்தான் இருக்கும், வைத்துவிடத் தோன்றும். வைத்துவிடாதே. யார் பேசுவது என்று மட்டும் கேட்டுவிடாதே ராசா. உன் தாத்தாவை அப்படிக் கேட்டதே போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மாரித்தாய்