வழிமொழிந்தவர்

1984 பிப்ரவரி 20, திங்கள்

சிந்துவெளிப் பாடத்தை ஒருவழியாக முடித்தேன். பகலெல்லாம் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு, முப்பது வயதில் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் எழுதும் எஸ்.டி.பி.எம். பரீட்சைக்குப் படிப்பது என்றால் சும்மாவா? கண் எரிகிறது.

அக்கா புருஷன் செல்லன் மாமா வேலை முடிந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். இதே லயத்தில் நாலு கதவு தள்ளித்தான் அக்கா வீடு. ஆனாலும் இன்றைக்கு நான் என்ன படித்தேன் என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாரா என்று கிடந்த மனிதர். இப்போது மறுபடியும் செம்பனைக் குலை வெட்டப் போகிறார்.

மொகஞ்சதாரோவில் நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே வீட்டுக்கு வீடு கழிவுநீர்க் கால்வாய் இருந்தது என்றேன்.

"நம்ம லயத்துக்கு இன்னும் வரல. மானேஜர் அந்தப் பாடம் படிக்கல போல," என்றார். "சரி, அவங்க எந்தச் சாமியக் கும்புட்டாங்க?"

சரியாகத் தெரியாது, எழுத்து இருக்கிறது, யாராலும் இன்னும் படிக்க முடியவில்லை என்றேன்.

"அட, எழுதி வச்சும் பிரயோசனம் இல்லியா!"

சிரித்துக்கொண்டே போனார். அப்பா செத்த பிறகு, கோலா சிலாங்கூர் பஸ் நிற்கும் பெரிய சாலை வரைக்கும் ஐந்து வருஷம் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டவர் இவர். நான் வாத்தியாரம்மா ஆனதில் பாதி அவருடைய முழங்கால்.

பிப்ரவரி 28, செவ்வாய்

வேத காலம். நெருப்பு மூட்டி ஆடும் மாடும் குதிரையும் பலி கொடுத்த யாகங்கள். பிறகு மகாவீரர், புத்தர். உயிரைக் கொன்றா கும்பிடுவது என்று கேட்டவர்கள். படிக்கும்போதெல்லாம் நம் முனியாண்டி கோயில்தான் ஞாபகம் வருகிறது. ஆடித் திருவிழாவுக்கு இருபது ஆடு. கல்லுக்கு முன்னால் சுருட்டும் சாராயமும். புத்தகத்தில் இதெல்லாம் முதல் அத்தியாயத்தோடு முடிந்துவிடுகிறது. நாம்தான் இன்னும் பக்கத்தைப் புரட்டவில்லை.

கோயில் ஆண்டுக் கூட்டத்தில் பேசப் போகிறேன். செயலாளர் என்று பெயருக்கு வைத்திருக்கிறார்கள். கூட்டக் குறிப்பு எழுத மட்டும்தானா நான்?

மார்ச் 11, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

கூட்டத்துக்கு முப்பது பேர். அக்கா வரவில்லை, சின்னவளுக்குக் காய்ச்சல். ஆடு வெட்டுவதை நிறுத்திவிட்டு, குங்குமம் தடவிய பூசணிக்காய் வெட்டலாம் என்று தீர்மானம் முன்மொழிந்தேன். யாகத்தில் தொடங்கிப் புத்தர் வரை வந்து, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்துவிட்டார்கள் என்று முடித்தேன். தலைவர் அப்பளசாமி பழைய மண்டோர், தோட்டத்துக் கங்காணி. இன்னமும் நாற்பது பேரை வேலைக்கு விரட்டுகிற குரல் அவருக்கு.

"புத்தரு நல்லவரு லா. ஆனா நம்ம கோயில் மெம்பர் இல்லியே?"

சிரிப்பு அடங்குவதற்குள் லோரி ஓட்டும் தனபாலன் எழுந்தார். "பாசிர் பெனம்பாங்ல சீனவங்க முழுப் பன்னிய வச்சிப் படைக்கிறாங்க. மொதல்ல அவங்ககிட்ட போயி புத்தர் கதையச் சொல்லு டீச்சர்!" அதற்கும் சிரிப்பு.

வழிமொழிய யாரும் இல்லை. முகம் சுட்டது. அப்போது கடைசி வரிசையில் மாமா கையைத் தூக்கினார். "நான் வழிமொழியிறேன்." அதன் பிறகு ஒவ்வொரு கையாக ஏறியது. பதினேழுக்குப் பன்னிரண்டு.

நான் பேசி முப்பது பேர் கேட்டார்கள். இன்றைக்கு நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட இதுவே போதும்.

மார்ச் 12, திங்கள்

அக்கா வந்து கத்தினாள். ஜனவரியில் மாமா படுத்திருந்தபோது முனியாண்டிக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாளாம். கொட்டடியில் வளர்வது தீபாவளிக்கு என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

"கும்புட்டேன், அவர எழுப்பி உக்கார வச்சான். குடுத்தவனுக்குத் திருப்பிக் குடுக்க வேணாமா? பூசணிக்காயில உசுரு இருக்காடி?"

மாமாவை எழுப்பி உட்கார வைத்தது டாக்டர் என்றேன். உனக்குத் துணை நின்றது யார் என்று கேட்டாள். மாமா என் வீட்டுப் படிக்கட்டில் குனிந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். யாராயிருந்தால் என்ன என்று மழுப்பினேன்.

அவள் போன பிறகு மாமா மெல்லச் சொன்னார்: "நான்தான்னு அவகிட்ட சொல்லிறாத. கோயில் வாசல்லயே எல்லார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லி வச்சிட்டேன்."

நேர்த்திக்கடன் விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? தெனம் தழ ஒடிச்சிப் போடறவன் நான்தான? மூஞ்சியப் பாத்துப் பாத்து வளத்தாச்சி. எனக்காக அது சாவணுமான்னு இருந்திச்சி. நீ வேற எந்திரிச்சி நின்னுட்டியா, தூக்கிட்டேன்."

ஜூன் 19, செவ்வாய்

மாமா மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. கண் மறுபடியும் மஞ்சள். வயிறு உப்பியிருக்கிறது. சம்சுச் சாராயம் குடிப்பதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் அதற்கு முன்னால் குடித்ததற்கு ஈரல் கணக்கு வைத்திருக்கிறது என்கிறார் டாக்டர்.

அக்கா கொட்டடியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

ஜூலை 29, ஞாயிறு

ஆடித் திருவிழா. பன்னிரண்டு பூசணிக்காய். அக்கா வெட்டுவதற்காகக் கொடுத்த காய் ஒரே வெட்டில் பிளக்கவில்லை. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காயின் பக்கம் பார்க்க முடியவில்லை.

மாமா ஆஸ்பத்திரியில்.

ஆகஸ்ட் 16, வியாழன்

மாமா போய்விட்டார். காலை ஒன்பது மணி.

ஆகஸ்ட் 31, வெள்ளி

பதினாறாம் நாள். சுதந்திர தினம் என்று தோட்ட ஆபீசில் கொடி கட்டியிருந்தார்கள். நாங்கள் கருமாதி முடித்து வந்தோம்.

இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அத்தனை பேர் முன்னாலும் அக்கா என்னைக் கேட்டாள்.

"அவன் குடுத்தான். நாம குடுக்கல. திருப்பி எடுத்துக்கிட்டான். நீ படிச்ச படிப்புக்கு என் தாலிதான் கெடச்சிச்சாடி?"

யாரும் சாப்பிடவில்லை. தனபாலன் அண்ணன் வாயைத் திறந்தார். கை தூக்கியது யார் என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மட்டும் இல்லைக்கா, கையத் தூக்குனது ஒன் புருஷன்தான்னு. பாதிப் பாரம் இறங்கியிருக்கும். ஆனா எங்க இறங்கும்? செத்தவரு மேல. அவளுக்கு இப்ப மிச்சம் இருக்கிறதே அவரைப் பத்தின நெனப்புதானே, அதுலயும் நான் கை வைக்கவா? மாட்டேன். திட்டட்டும்.

செப்டம்பர் 23, ஞாயிறு

அக்கா என் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. பிள்ளைகளையும் விடுவதில்லை. குழாயடியில் என்னைப் பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஆட்டை விற்கவும் இல்லை. நேர்த்தி பாக்கி நிற்கிறது, அது பிள்ளைகள் மேல் விழும் என்று பக்கத்து வீட்டு அன்னம்மாவிடம் அழுதாளாம்.

புத்தரைப் பற்றி மறுபடியும் படித்தேன். பரீட்சைக்கு வேண்டுமே. துக்கம் உண்டு. துக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆசைதான் காரணம். மார்ச் மாதம் இதை மஞ்சள் மையால் கோடிட்டு மனப்பாடம் செய்தேன். இன்று அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. எனக்கு என்ன ஆசை இருந்தது? ஆட்டின் மேல் இரக்கமா? அது மாமாவுக்குத்தான் இருந்தது. எனக்கு இருந்தது, முப்பது பேர் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாமா செத்தது ஈரலால். முனியாண்டியால் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அக்காவுக்குக் கடைசி வரைக்கும் செய்து பார்க்க ஒரு காரியம் இருந்தது. அதைப் பிடுங்கியது நான்.

நவம்பர் 27, செவ்வாய்

வரலாற்றுத் தாள். மூன்றாவது கேள்வி: புத்த சமயம் தோன்றியதற்கான காரணங்களை ஆராய்க. மலாய் மொழியில் ஐந்து பக்கம் எழுதினேன். மக்கள் வேள்விப் பலிகளை வெறுத்தனர் என்பதுதான் முதல் காரணம். 'மக்கள்' என்று எழுதும்போது பேனா நின்றது. எந்த மக்கள்? நேர்த்தி வைத்தவள் அந்த மக்களில் இல்லையா? அன்றைக்கும் பூசணிக்காயில் உயிர் இருக்கிறதா என்று கேட்ட ஒருத்தி இருந்திருப்பாள். அவள் எழுதி வைக்கவில்லை, அதனால் பாடத்தில் இல்லை.

இதையெல்லாம் விடைத்தாளில் எழுதினால் பூஜ்யம்தான். அடுத்த காரணத்துக்குப் போய்விட்டேன்.

1985 பிப்ரவரி 24, ஞாயிறு

கோயில் ஆண்டுக் கூட்டம் பத்தாம் தேதி. இந்த முறை அக்கா வருகிறாளாம். ஆடு வெட்ட மறுபடியும் அனுமதி கேட்கப் போகிறாளாம். கேட்கட்டும்.

ஆனால் கூட்டம் தொடங்கியதும் போன வருஷக் குறிப்பை வாசித்தாக வேண்டும். வாசிக்க வேண்டியது செயலாளர். நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தேதான், அழகாக, அடிக்கோடு போட்டு: முன்மொழிந்தவர் கங்கா. வழிமொழிந்தவர் செல்லன்.

மார்ச் 6, புதன்

அப்பளசாமியிடம் போய், குறிப்பை வாசிக்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். "சங்கப் பதிவுக்காரன் கேப்பான் லா. வாசிக்காம எப்புடிம்மா?" என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தேர்வு முடிவு வந்திருக்கிறது. வரலாற்றுக்கு ஏ. வந்து கேட்கத்தான் படிக்கட்டில் ஆள் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்கா முதல் வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து வாசித்தேன். வரவு, செலவு, கூரைத் தகரம், ஒலிபெருக்கி. பிறகு அந்த இடம் வந்தது. "ஆடு வெட்டுவதை நிறுத்தும் தீர்மானம். முன்மொழிந்தவர் கங்கா. வழிமொழிந்தவர்..." நிமிர்ந்தேன். எதிரில் தனபாலன் அண்ணன். "வழிமொழிந்தவர் தனபாலன்," என்றேன்.

அந்தத் தீர்மானத்தைக் கிண்டல் செய்து, எதிர்த்துக் கை தூக்கியவர் அவர். முப்பது பேருக்கும் அது தெரியும். அண்ணன் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஆமா. நான்தான்," என்றார்.

"குறிப்பு சரின்னு யாரு முன்மொழியிறது?" என்று கேட்ட அப்பளசாமி, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நானே முன்மொழியிறேன்," என்று தன் கையையே தூக்கினார். ஒவ்வொரு வரிசையாகக் கை ஏறியது. எதிர்ப்பு இல்லை. போன வருஷம் என்னைத் தோற்கடிக்கப் பார்த்த பன்னிரண்டு பேரும் தூக்கினார்கள். செத்த மனிதனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். எனக்கு நோட்டில் எழுத்துத் தெரியவில்லை, அவ்வளவு கண்ணீர்.

அக்கா எழுந்து, நேர்த்தி வைத்தவர்களுக்காவது அனுமதி கொடுங்கள் என்று கேட்டாள். குரல் கேட்கவே இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். நானும் கை தூக்கினேன். நம்பிக்கை வந்துவிட்டதா? இல்லை. ஆட்டை வெட்ட மாமாவுக்கு மனமில்லை என்று தெரிந்தும் தூக்கினேன். இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து நோட்டில் 'செல்லன்' என்பதை அடித்துவிட்டு 'தனபாலன்' என்று எழுதினேன். வரலாற்றுக்கு ஏ வாங்கியவள்.

ஜூலை 28, ஞாயிறு

ஆடித் திருவிழா. ஆறு ஆடு. ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். சின்னத்தாய், சின்னத்தாய். அவள் ஒரு தேங்காயோடு மட்டும் வந்து நின்றாள். பூசாரி ஆடு எங்கே என்று கேட்டார். தேங்காயை உடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு வருஷம் ஆகிறது அவள் இந்தப் படிக்கட்டை மிதித்து. கையில் மூடிய பாத்திரம். உள்ளே வந்து, தானே தட்டை எடுத்துக் கழுவினாள்.

ஏன் ஆட்டைக் கொண்டுவரவில்லை என்று கேட்டேன்.

"சாமிக்குப் பயந்துதான் அன்னைக்குக் கேட்டேன். காலையில கயித்த அவுத்தேன். மனசு வரல." தட்டைத் துடைத்தாள். "வெட்டாதன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. ஆஸ்பத்திரியிலயே எல்லாம் சொல்லிட்டாரு. கையத் தூக்குனதையும்."

அப்படியென்றால் கருமாதி அன்றைக்கே? இந்த ஒரு வருஷமும்?

"தெரிஞ்சிக்கிட்டே ஏன்க்கா என்னைய..."

"அவர எப்புடிடீ திட்டுவேன்?" என்றாள். "செத்துப்போனாருல்ல. நீதான இருந்த."

சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். போதுமா என்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டாள்.