காமிரா நின்ற பிறகும் உறுமி

நேற்று உன் மைத்துனன் வந்து அந்தக் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனான். "மச்சான் இதை யாருக்கும் குடுக்க உடலீங்க. உங்ககிட்டத்தான் சேரோணும்னாருங்க" என்றான். பிரித்ததும் மெஷின் எண்ணெயும் ஈரமும் கலந்த அதே வாடை. உன் காமிராவின் இரைச்சல் என் ஒலிப்பதிவில் விழாமலிருக்க, நாம் அதன்மேல் போர்த்திய கம்பளி. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோபமாகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடிவிட்டாயே.

நாம் கொல்லிமலை ஏறியது யுத்த காலத்தில். பிலிம் அப்போது குதிரைக் கொம்பு. மலையில் உறுமி வாசிக்கும் பெரியசாமியைப் பற்றி ஒரு சிறு விவரணப் படம் எடுத்துவரச் சொல்லியிருந்தார் ஸ்டூடியோ முதலாளி. முந்தின படத்தில் நீ பிலிமைப் பாழாக்கிய ஆத்திரம் அவருக்கு ஆறவில்லை. "இந்தத் தடவையும் படமில்லாம எறங்குனீன்னா அப்படியே உங்க ஊரு பேளுக்குறிச்சிக்குப் போயிரு. இங்க வராதே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பெட்டிகளை மூங்கிலில் கட்டி ஆட்கள் சுமந்தார்கள். வாய் ஓயாத நீ, மலை ஏறி முடியும்வரை பேசவில்லை.

திருவிழா நடக்கும் கோயில் வாசலில் இறக்கி வைத்ததும் உன் வாய் திறந்துகொண்டது. உறுமி வாசிப்பவனின் கை அதிகம் அசையாது. வளைந்த குச்சி தோலை இழுக்கும், அவ்வளவுதான். ஆனால் சத்தம் மலையெல்லாம் கேட்கும். அதனால் முகத்தையும் கையையும் கிட்டத்தில் எடுத்தாக வேண்டும் என்றாய் நீ. கிட்டே வந்தால் உன் காமிரா இரைச்சல் உறுமியை விழுங்கிவிடும் என்றேன் நான். "ஏண்டா, உம்பட மைக்கு என் படத்துல மூக்கை நீட்டுது, அதைக் கேக்க ஆளில்லை!" என்று கத்தினாய். கடைசியில் மைக்கைப் பலாமரத்துக் கிளையில் இலைக்குள் ஒளித்தோம். காமிராவுக்குக் கம்பளி போர்த்தினோம்.

பெரியசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, சாமி எறங்குன பொறவு நிறுத்தச் சொல்லாதீங்க. நடுவுல நின்னா, மறுக்கா உறுமியைத் தொடறது அடுத்த வருச நோம்பிக்குத்தானுங்க."

உனக்கு முகம் வெளுத்துவிட்டது. பனிமூட்டம் வேறு மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.

உறுமி எழுந்தது. நான் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கம்பளியையும் மீறி உன் காமிராவின் சன்னமான கரகரப்பு கேட்டது. மனதுக்குள் உன்னைத் திட்டினேன். ஆட்டக்காரர்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். உறுமி ஏறிக்கொண்டே போயிற்று. அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். கரகரப்பு நின்றுபோயிற்று. எந்தச் சத்தம் ஒழிய வேண்டும் என்று அத்தனை நேரம் சபித்தேனோ, அது ஒழிந்ததும் மறுபடி வராதா என்று காதைத் தீட்டினேன்.

திரும்பிப் பார்த்தேன். ஈரத்தில் ஊதிய பிலிம் உள்ளே சிக்கியிருந்தது. பீடி அணைந்தாலே ஊரைக் கூட்டித் திட்டுகிறவன் நீ. ஒரு குரல் கொடுத்திருந்தால் என் ஒலியும் பாழாகியிருக்கும், ஆட்டமும் நின்றிருக்கும், பழியைப் பாதியாவது நான் சுமந்திருப்பேன். நீ கம்பளியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாய். கண்ணில் தண்ணீர் நின்றது. என் ஒலிப்பதிவுப் பெட்டியைக் காட்டி, நடத்து என்று கையசைத்தாய். உறுமி ஓயும்வரை அப்படியே நின்றாய்.

ஓய்ந்ததும் பெரியசாமியிடம் ஓடினாய். "அண்ணா, உறுமியைச் சும்மா புடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்" என்று கெஞ்சினாய்.

"சும்மா புடிச்சு நிக்க நான் என்ன பொம்மைங்களா?" என்றவர், உன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கையை வேணா எடுத்துக்குங்க சாமி. அது நெசந்தானுங்களே."

வேறு பிலிம் மாட்டி அந்தக் கையை எடுத்தாய். வாசித்து ஓய்ந்தும் விரல் தானாகத் துடித்துக்கொண்டிருந்த கை. பிறகு பனி மூடிய வாசலை எடுத்தாய். வெட்டி ஒட்டும் மேசையில் இருவரும் உட்கார்ந்தோம். முதலில் பெரியசாமியின் முகம் தெரியும். 'டக்' வரும் இடத்தில் வெறும் பனி. பனிக்குள் உறுமி மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் அந்தக் கை.

முதலாளி பார்த்தார். பனி வந்ததும், "ஆள் எங்கடா?" என்றார். உறுமி ஏற ஏற அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பனியில யாரும் கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே வந்த நீ படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாய்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. 'டக்'குக்குப் பின்னால், உறுமிக்கு அடியில், ஒரு மூச்சு இழுபடும் சத்தம் பதிவாகியிருக்கிறது. அதைப் பிரித்துக் கேட்க என் ஒருவன் காதுக்குத்தான் தெரியும். ஒலிச்சுருளில் அந்த இடத்தைச் சுரண்டி அதை எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. இன்று காலை போட்டுக் கேட்டேன். பனிக்குள் ஆள் இல்லை. கத்த வந்ததை எனக்காக விழுங்கிக்கொண்ட உன் மூச்சு மட்டும் இருக்கிறது.