சோம்பலின் ஆவி

பிரியமுள்ள தங்கைக்கு,

கிட்னி கெட்டு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு எனக்கு எலும்பெல்லாம் வலித்து, வீட்டு வேலை செய்ய முடியாமல் போனது உனக்குத் தெரியும். சபைப் பெண்கள் கூடிய ஜெபத்தில் நீ என் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, என் அக்காளைப் பிடித்திருக்கிற சோம்பலின் ஆவியை விரட்டும்" என்று ஜெபித்தாய். எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.

நேற்று திருவனந்தபுரத்தில் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். ஊசியில் மருந்தேற்றி உடனே ஒரு படம், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரண்டாவதில் மற்ற இடங்களிலிருந்தெல்லாம் மருந்து வடிந்துவிட்டது. தைராய்டுக்குப் பின்னால் பயறளவு சுரப்பி ஒன்று மட்டும் அதை விடாமல் பிடித்திருந்தது.

"அக்கா, இதாக்கும் உங்க எலும்பைத் தின்னுட்டு கெடந்திருக்கு. இந்த வலியோட எப்பிடி நடந்தீங்க?" என்றாள் படமெடுத்த பெண், நம் பக்கத்து அருமனைக்காரி.

நான் உன்னைத்தான் நினைத்தேன்.

ஆபரேஷன் திங்கட்கிழமை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை ஜெபம் உன் வீட்டில். சாட்சி சொல்ல நேரம் கேட்டு வாங்கிவிட்டேன். படத்தைக் கொண்டுவருவேன். உன் ஜெபத்தை ஒரு வார்த்தை மாறாமல் சொல்வேன். நான் முடித்ததும் நீ எல்லாருக்கும் கேட்கும்படி ஆமென் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் சோம்பேறி அக்கா